கெடாவில் ஓர் இலையுதிர் காலமும் சில குவளைப் பானங்களும்



செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத்தில் உள்ள சிறிய காப்பிக் கடைகள் சிலவற்றில் ஓர் அறிவிப்பு தொங்கத் தொடங்குகிறது: "இலையுதிர் காலச் சிறப்புப் பானங்கள்". கண்ணாடிக் கதவில் சிவந்த மேப்பிள் இலையின் படம். கதவுக்கு வெளியேயோ கெடாவின் கார்மழை கொட்டிக்கொண்டிருக்கும்! சாலையோர மரங்கள் எல்லாம் கொழுத்த பச்சையில் நிற்கும். எந்த மரத்திலிருந்து எந்த இலை உதிர்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

எனக்குக் கேட்கத் தோன்றியதற்குக் காரணம் என் வகுப்பறை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'எனக்குப் பிடித்த பருவம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் இலையுதிர் காலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தனர். ஒன்பதிலும் மேப்பிள் இலை, கம்பளிச் சட்டை, சூடான பானம். மொழிநடை நன்றாகவே இருந்தது. எழுத்துப்பிழை குறைவு. ஆனால், ஒன்பதில் ஒன்றிலாவது எழுதிய பிள்ளையின் கண் இருந்ததா என்றால், இல்லை. இத்தனைக்கும் அவர்களுள் நால்வரின் பாட்டிமார் பால்மரம் சீவியவர்கள். ஆண்டுதோறும் இலை உதிர்வதைக் கண்ணால் கண்டவர்கள்.

ஆகவே, விடுமுறையில் (நம் மாநிலத்தில் அது வெள்ளியும் சனியும் என்பது வெளிமாநில வாசகர்களுக்காக) இந்தக் கடைகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று அந்தப் பானங்களைப் பருகிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நான்கு வாரங்கள். தொடர் வணிகக் கடைகளுக்குப் போகவில்லை. தனியார் ஒருவரோ இருவரோ சொந்தமாக நடத்தும் கடைகளுக்கு மட்டுமே சென்றேன்.

முதலில் பூசணி மசாலாக் காப்பி. அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய பானம் இது. அதைப் பார்த்து உலகெங்கும் சிறு கடைகளும் செய்யத் தொடங்கின. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2015 வரை அந்நிறுவனத்தின் பானத்தில் பூசணியே கிடையாது! பூசணிப் பணியாரத்தில் இடும் மசாலாப் பொருள்களின் மணத்தைத்தான் மக்கள் பூசணி என்று எண்ணிப் பருகி வந்தனர். நான் சென்ற கடையில் மெய்யாகவே பூசணியை அவித்து மசித்துச் சேர்த்திருந்தார்கள். பதினைந்து ரிங்கிட். முதல் மிடறு இனிப்பு, இரண்டாம் மிடறும் இனிப்பு. மூன்றாவதில்தான் நாக்குக்கு ஏதோ பழக்கமான ஒன்று தட்டுப்பட்டது. கலக்கித் தந்த தம்பியிடம் என்னென்ன சேர்த்தீர்கள் என்று கேட்டேன். பட்டை, இஞ்சிப் பொடி, சாதிக்காய், கிராம்பு என்றார்.

வாசகர்களே, இந்த நான்கையும் சற்று எண்ணிப் பாருங்கள். பட்டை இலங்கையினுடையது. சாதிக்காயும் கிராம்பும் இந்தோனேசியாவின் மாலுக்குத் தீவுகளில் தோன்றியவை. சாதிக்காய்க்காக ஐரோப்பியர் எத்தனை போர் செய்தனர்! பண்டா தீவுகளுள் ஒன்றான ரன் என்னும் சிறு தீவை 1667இல் ஆங்கிலேயர் டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்து, அமெரிக்காவில் இன்றைய நியூயார்க் இருக்கும் மன்ஹாட்டனைத் தக்கவைத்துக்கொண்டனர். பின்னர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியார் சாதிக்காய்க் கன்றுகளையும் கிராம்புக் கன்றுகளையும் நம் அண்டைத் தீவான பினாங்குக்குக் கொண்டுவந்து நட்டனர். இன்றும் பாலிக் புலாவ் பகுதியில் சாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. சாதிக்காய்ச் சாறு பினாங்குக்குப் போகிறவர்கள் தவறவிடாத பானம். ஆக, குளிர்நாட்டு இலையுதிர் காலத்தின் மணம் என்று நமக்கு விற்கப்படுவது முழுக்க முழுக்க நம் வெப்ப நாடுகளின் மணம். வரலாற்றுப் பாடத்தில் நறுமணப் பொருள் வணிகத்தைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தக் குவளையை ஒரு பாடத்துணைப் பொருளாகவே பயன்படுத்தலாம்.

இரண்டாவது வாரம் ஒரு சீனர் காப்பிக் கடை. பளிங்கு மேசை, மர நாற்காலி, பழைய பாணி. சர்க்கரையும் வெண்ணெய்க் கொழுப்பும் சேர்த்துக் கறுக்க வறுத்த காப்பிக்கொட்டையின் மணம் ஐந்தடிக்கு அப்பாலேயே வரவேற்கிறது. இங்கே 'பருவச் சிறப்பு' என்று எந்த அறிவிப்பும் இல்லை. ஆனால், நான் பருகியவற்றுள் உண்மையான இலையுதிர் காலப் பானம் இங்கேதான் கிடைத்தது. செவ்வந்திப் பூத் தேநீர்! சீன மரபில் செவ்வந்தி இலையுதிர் காலத்து மலர். அவர்களின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் கொண்டாட்டத்திற்கும் அம்மலருக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. நாமோ அதைப் பெட்டியில் அடைத்து விற்கும் இனிப்புத் தண்ணீராகப் பள்ளி விளையாட்டுப் போட்டியன்று வாங்கிக் குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கடைக்காரர் 'அங்கிள்' உலர்ந்த பூவை வெந்நீரில் இட்டுச் சர்க்கரை இல்லாமலேயே கொடுத்தார். விலை இரண்டு ரிங்கிட் ஐம்பது காசு.

மூன்றாவது வாரக் கடையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பூசணி வேறு வடிவில், பாலாடை மேலே, படம் எடுத்துக்கொள்ள ஒரு மூலை. சர்க்கரை மிகுதி.

(சர்க்கரை என்றதும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உள்ளது; இனவாரியாகப் பார்த்தால் நம்மவரின் நிலைமை மிகவும் கவலைக்குரியது. 2019 ஜூலை முதல் புட்டியிலும் பெட்டியிலும் அடைத்து விற்கும் இனிப்புப் பானங்களுக்குக் கலால் வரி உண்டு. கடையில் கலக்கித் தரும் குவளையை அந்த வரி தொடுவதில்லை. பெற்றோர்களே, பிள்ளையோடு கடைக்குப் போனால் 'கூராங் மானிஸ்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பிள்ளையும் அதைக் கேட்டுப் பழகும்.)

நான்காவது கடை என் பழைய மாணவர் ஒருவருடையது. கடையின் பெயரையும் அவர் பெயரையும் அவர் விருப்பப்படி குறிப்பிடவில்லை. பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறியபோது பெற்றோருடன் நகரத்து மலிவு விலை வீட்டுக்கு வந்தவர். பினாங்கில் சில ஆண்டுகள் காப்பிக் கடைகளில் வேலை செய்துவிட்டு இரண்டு கடைவாசல் அகலத்தில் சொந்தமாகத் தொடங்கியிருக்கிறார். மூன்று இளைஞர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார். மூவரும் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

அவர் கடையிலும் செப்டம்பரில் சிறப்புப் பானம் இருந்தது. ஆனால், பெயர்ப்பலகையில் 'மழைக்காலப் பானம்' என்றுதான் எழுதியிருந்தது. சுக்கு, மல்லி, மிளகு, பனைவெல்லம், காப்பி. நம் சுக்குக் காப்பியேதான். ஒன்பது ரிங்கிட்! அவருடைய தாயார் விலையைக் கேட்டுவிட்டு, "இதையா ஒன்பது வெள்ளிக்கு விக்கிற? உனக்குச் சளி பிடிச்சப்பல்லாம் ஓசியிலதானே குடுத்தேன்" என்று சிரித்தாராம்.

மற்ற கடைகள் இலையுதிர் காலம் என்று போட்டிருக்கும்போது நீ மட்டும் ஏன் மழைக்காலம் என்று போட்டாய் என்று கேட்டேன். அப்படிப் போட்டால் படம் எடுக்க வருகிற இளையோர் கூட்டம் கூடும், வியாபாரமும் நடக்கும். அவருக்குக் கடை வாடகை, சம்பளம் எல்லாம் இருக்கிறது. சற்று நேரம் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், இலை கொட்டுற மாசம்னா எங்க வீட்டுல கடன் மாசம். அந்தப் பேரப் போட்டுக் காசு வாங்க மனசு வரல."

இதைத்தான் என் ஒன்பது மாணவரும் அறியாதிருந்தனர். இளம் ஆசிரியர்கள் பலருக்கும் இன்று இது புதிய செய்தியாக இருக்கக்கூடும். ஆகவே சற்று விரித்து எழுதுகிறேன்.

பால்மரம் நம் நாட்டு மரமன்று. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவின் இரப்பர்க் காடுகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும் நம் காட்டு மரங்களுக்கு நடுவே இந்த மரத்துக்கு மட்டும் ஒரு குணம். நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு ஒருமுறை இலை முழுவதையும் உதிர்த்துவிடும். வறட்சி தெளிவாகத் தெரியும் நம் வடமாநிலங்களில் இது சனவரியில் தொடங்கி மார்ச்சு வரையில் நடக்கும். முதலில் இலை மஞ்சளாகும்; பின் செம்பு நிறம், செங்கல் நிறம். ஒரு காற்று அடித்தால் போதும், தோட்டமே பழுப்பு மழையில் நனைந்தாற்போல் இருக்கும். காலடியில் சருகு முழங்காலுக்குக் கீழே வரையில் கிடக்கும். கனடா நாட்டு மேப்பிள் காட்டுக்கு எவ்வகையிலும் குறைந்த காட்சியன்று அது. தமிழ் மரபின் ஆறு பெரும்பொழுதுகளில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். நம் இலையுதிர் காலம் அங்கேதான் வந்து பொருந்துகிறது, செப்டம்பரில் அன்று. செப்டம்பர், ஆவணியும் புரட்டாசியுமாகிய கார்காலம்.

அழகு அவ்வளவுதான். உதிர்த்துவிட்டுப் புதுத்தளிர் விடும் வேலையில் மரம் தன் சத்தைச் செலவிடுவதால் பால் குறைந்துவிடும். காலை நான்கு, ஐந்து மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அதே எண்ணிக்கை மரங்களைச் சீவினாலும் மங்கில் அடித்தளம்கூட நிறையாது. கூலியோ நிறுத்துக் கொடுப்பது. பால் இல்லையென்றால் காசும் இல்லை. கெடாவுக்கு இன்னொரு இடியும் உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. பட்டை ஈரமாக இருந்தால் மரம் சீவ முடியாது. சீவினால் பால் மங்குக்கு வராமல் பட்டை வழியே வழிந்து வீணாகும். இரவு முழுதும் மழையின் ஓசையைக் கேட்டுக்கொண்டே லயத்தில் படுத்திருப்பவர்களுக்கு மறுநாள் பெரட்டில் பெயர் கொடுத்துப் பயனில்லை என்பது தெரியும். தீபாவளி வருவதும் அந்த மாதங்களில்தான்! ஆண்டில் இரண்டு முறை, மழைக்கு ஒன்று, இலைக்கு ஒன்று என்று மளிகைக் கடைக் கணக்குப் புத்தகம் தடித்துப்போகும்.

பீடோங் வட்டாரத்து வரலாற்றிலும் இந்த மாதத்துக்கு ஓர் இடம் உண்டு. போருக்குப் பின், ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்தது. தோட்டங்களில் உரிமத்துடன் நடந்த கள்ளுக்கடைகள் தொழிலாளியின் கூலியை அன்றன்றே விழுங்குவதைக் கண்டு, கடைகளை மூட வேண்டும் என்று மறியல் செய்தது. 1947 பிப்ரவரி 28 அன்று பீடோங்கில் காவல்துறையுடன் மோதல் ஏற்பட்டது. தொடர்ந்து மற்றத் தோட்டங்களிலும் குழப்பம் பரவியது. உயிர்ப்பலியும் நேர்ந்தது. நாளைக் கவனியுங்கள்: இலை கொட்டும் மாதத்தின் நடுப்பகுதி. கூலி குறைந்த மாதத்தில் ஒரு குவளைப் பானத்தின் விலை என்ன என்பதை அந்தப் பெண்களும் ஆண்களும் நன்றாக அறிந்திருப்பார்கள். குடிப்பதா வேண்டாமா என்பது அவர்களுக்குச் சுவையைப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை.

மாணவர்களிடம் இவ்வளவையும் சொற்பொழிவாகக் கொட்டவில்லை. ஒரு கேள்வியை மட்டும் எழுதிக் கொடுத்தனுப்பினேன். "பால்மரம் இலை கொட்டும் மாதத்தில் வீட்டில் என்ன குடித்தீர்கள்?" தாத்தா, பாட்டி, பெரியம்மா, அண்டைவீட்டார் எவரையேனும் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வர வேண்டும்.

பதினேழு பேர் எழுதி வந்தனர். சிலவற்றைத் தருகிறேன். "வரக்கோப்பிதான். பால் டின்னு வாங்கக் காசு இருக்காது." "பழைய சோத்துத் தண்ணி, அதுல வெங்காயம்." "பங்குனித் திருவிழாவுல மோரும் பானக்கமும் குடுப்பாங்க. மூணு தடவ வரிசையில நின்னு குடிப்போம்." "சீனி கடன் குடுக்க மாட்டான். வெல்லத்த வாயில போட்டுக்கிட்டு வரக்கோப்பிய குடிக்கிறது." ஒரு பாட்டி, நீப்பாப் பனையிலிருந்து இறக்கும் நீராவை மலாய்க் கம்பத்துத் தோழி ஒருத்தி கொண்டுவந்து தருவாள் என்று சொல்லியிருக்கிறார். இருவரும் ஒரே வரிசை மரத்தில் சருகு பெருக்கியவர்களாம். இந்த ஒரு செய்திக்காகவே நான் அந்தக் கேள்வியை நூறு முறை கொடுப்பேன்.

ஒரு மாணவி ஒரே வரி எழுதியிருந்தாள். "பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்."

மறுநாள் அம்மாணவியின் தாயார் பள்ளிக்கு வந்தார். நல்ல படிப்பாளி, கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரிபவர். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால், சினம் தெரிந்தது. "டீச்சர், நாங்க கஷ்டப்பட்டு அதையெல்லாம் விட்டு வெளியே வந்துட்டோம். எங்க அம்மா அதைப் பத்திப் பேசுறதே இல்ல. எம்புள்ள மேப்பிள் இலையப் பத்தி எழுதினா என்ன தப்பு? நாளைக்கி அவ கனடாவுக்கே போவா. தோட்டத்துக் கஷ்டத்த ஏன் அவ தலையில ஏத்துறீங்க?"

இந்தக் கேள்வியை நம் ஆசிரியர்கள் அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. அவர் கேட்டதில் நியாயம் உண்டு. வறுமையைப் பெருமையாக மாற்றிக் காட்சிக்கு வைக்கும் பழக்கம் நம் மேடைகளில் நிறையவே இருக்கிறது; எனக்கும் அது பிடிப்பதில்லை. அவருடைய மகள் மேப்பிள் மரத்தைப் பற்றி எழுதுவதில் ஒரு தவறும் இல்லை. கனடாவுக்குப் போனால் நான் மகிழ்வேன். நான் அவரிடம் சொன்னது இவ்வளவே: இலை எப்படி உதிரும் என்று தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், பிள்ளைக்கு அதைக் கேட்டு எழுதினால் கட்டுரையில் உயிர் வரும், பாட்டி சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டியதில்லை, கையைப் பிடித்ததையே அவள் அழகாக எழுதியிருக்கிறாள். தாயார் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நேரில் காட்டலாமே என்றால், அதற்கும் இடம் குறைந்துகொண்டே வருகிறது. சுங்கை பட்டாணியைச் சுற்றிப் பால்மரம் நின்ற நிலமெல்லாம் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன; எஞ்சியவற்றில் பெரும்பகுதி செம்பனை. செம்பனை இலை உதிர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே முகம். இன்னும் பாலிங், சிக் பக்கத்துச் சிறுதோட்டங்களில் காணலாம். பிப்ரவரி நடுவில் கோல கெட்டில் வழியாகப் பாலிங் செல்லும் சாலையில் போனால் இருபுறமும் கண்ணுக்குத் தப்பாது. பெற்றோர் வாகனத்தை ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிச் சருகில் நடக்க விடுங்கள். அந்த ஓசையை எந்தக் காணொளியும் தராது. (கொசுத் தைலம் பூசிக்கொள்ளுங்கள்.)

என் பழைய மாணவர் மாசி மாதத்துக்கு என்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். பானக்கத்தைக் குளிரவைத்துத் தருவதா, மோரில் இஞ்சி தட்டிப் போடுவதா என்று சோதனை நடக்கிறது. தாயாரை ஒரு நாள் கடைக்கு அழைத்துவந்து சுவை பார்க்கச் சொன்னாராம். பானக்கத்தில் ஏலம் கூடிவிட்டது, எலுமிச்சை குறைந்துவிட்டது என்பது தீர்ப்பு. பெயர் இன்னும் முடிவாகவில்லை. என்னிடமும் கேட்டிருக்கிறார். நான் உங்கள் அம்மாவையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது ரிங்கிட் கொடுக்க மனமில்லாதவர்களுக்காக, அவர் தந்த சுக்குக் காப்பிச் செய்முறையைக் கீழே தருகிறேன். வெளியிட அவரே இசைவு தந்தார்.

நான்கு பேருக்கு ஒரு விரல் நீளச் சுக்கு, இரண்டு மேசைக்கரண்டி மல்லி, அரைத் தேக்கரண்டி மிளகு, இரண்டு ஏலம். சுக்கை முதலில் தனியாக நசுக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அரைக்கும் பொறியின் கத்தி போய்விடும். மல்லியை மணம் வரும் வரையில் வெறும் சட்டியில் வறுத்து எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடிக்கவும். ஐந்து குவளை நீர் நான்காக வற்றும் வரையில் கொதிக்கட்டும். பனைவெல்லம் கடைசியில்தான், அதுவும் ஒரு சிறு துண்டு போதும். பெரியவர்களுக்கு ஒரு கரண்டிக் காப்பித்தூள் சேர்த்து, மூடி வைத்து இரண்டு நிமிடம் கழித்து வடிகட்டலாம். பிள்ளைகளுக்குக் காப்பித்தூள் வேண்டா, மிளகையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.